சி நிரலில் ஃபைல் திறக்கவில்லையா? காரணத்தை நிரலிடமே கேளுங்கள்

ஃபைல் ஃபோல்டரில் கண்ணெதிரே இருக்கிறது. நிரலை ஓட்டினால் செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்ட பிழை) என்று விழுந்துவிடுகிறது. உடனே ஃபைலைப் படிக்கும் லூப்பை மாற்றி மாற்றி எழுதத் தோன்றும். நானும் ஒரு மாலை முழுக்க அதைத்தான் செய்தேன். கோளாறு லூப்புக்கு நாலு வரி மேலே இருந்தது.

படி 1: நல் வந்ததா என்று பாருங்கள்

ஃபைலைத் திறக்க முடியாவிட்டால், அதைத் திறக்கும் ஃபங்ஷனான எஃப்ஓபன் சத்தம் போடாது. நல் என்ற, எதையும் சுட்டாத வெற்றுப் பாயின்டரைத் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். (பெயர்தான் நல், வந்தால் நல்லதல்ல.) அதை, வரி வரியாகப் படிக்கும் எஃப்கெட்ஸிடம் கொடுக்கும்போதுதான் நிரல் விழுகிறது. அதனால் எஃப்ஓபன் வரிக்கு அடுத்த வரியிலேயே, பாயின்டர் நல்லுக்குச் சமமா என்று ஓர் இஃப் போடுங்கள். உள்ளே, பிழையின் காரணத்தை அச்சிடும் பிஎரர் ஃபங்ஷனுக்கு ஃபைலின் பெயரைக் கொடுத்து அழைத்துவிட்டு, ரிட்டர்ன் 1 என்று வெளியேறுங்கள்.

எஃப்ஓபனையும் இஃப்பையும் ஒரே வரியில் திணிக்காதீர்கள். அடைப்புக்குறி ஜோடி ஒன்று விட்டுப்போனால் ஒப்பீடு முதலில் நடந்துவிடும். ஃபைல் ஒழுங்காகத் திறந்தாலும் பாயின்டரில் சைபர்தான் போய் உட்காரும்.

படி 2: செய்தியைப் படியுங்கள்

‘பர்மிஷன் டினைட்’ என்று வந்தால் அனுமதிச் சிக்கல். விண்டோஸில் வேறொரு மென்பொருள் அந்த ஃபைலைப் பூட்டி வைத்திருந்தாலும் இதே செய்திதான். ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்று வந்தால் அடுத்த படிக்குப் போங்கள்.

படி 3: நிரல் எந்த ஃபோல்டரில் தேடுகிறது?

வெறும் பெயரை மட்டும் கொடுத்தால், நிரல் ஓடும்போது இருக்கும் நடப்பு ஃபோல்டரில்தான் தேடும். அது உங்கள் சி ஃபைல் இருக்கும் இடமாகவோ, கம்பைல் ஆகி வந்த நிரல் இருக்கும் இடமாகவோ இருக்க வேண்டியதில்லை. கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி: ‘எங்கே’ என்பதுபோல் எங்கும் இல்லாத ஒரு பெயரை, எழுதுவதற்கான ‘டபிள்யூ’ மோடில் திறந்து மூடுங்கள். புதிய காலி ஃபைல் எங்கே முளைக்கிறதோ, அதுதான் இடம். உங்கள் ஃபைலை அங்கே நகர்த்துங்கள். உண்மையான ஃபைலின் பெயரை இதில் போட்டுவிடாதீர்கள். ‘டபிள்யூ’ திறந்த கணமே உள்ளே இருப்பதைத் துடைத்துவிடும்.

படி 4: பெயர் சரிதானா?

விண்டோஸ் ஃபைலின் பின்னொட்டை மறைத்துக் காட்டும். அதனால் ‘மார்க்.டிஎக்ஸ்டி’ என்று தெரிவது உண்மையில் ‘மார்க்.டிஎக்ஸ்டி.டிஎக்ஸ்டி’யாக இருக்கலாம். லினக்ஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. முழுப் பாதை கொடுக்கும்போது ஒற்றை பேக்ஸ்லாஷுக்கு அடுத்து சின்ன ‘டி’ (t) வந்தால், இரண்டும் சேர்ந்து டேப் ஆகிவிடும். பேக்ஸ்லாஷை இரண்டாகப் போடுங்கள்.

பெயரைப் பயனரிடம் எஃப்கெட்ஸ் மூலம் வாங்கினால், அவர் தட்டிய என்டரும் பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். பிஎரர் அச்சிடும்போது பெயர் ஒரு வரியிலும் முக்காற்புள்ளி அடுத்த வரியிலும் வந்தால், இதுதான் விஷயம். அந்த நியூலைன் இருக்கும் இடத்தில், பெயரை முடித்துவைக்கும் சைபரை (‘\0’) வைத்துவிட்டு எஃப்ஓபனுக்குக் கொடுங்கள்.