கான்ட்ராஸ்ட் சி.டி.: ஊசிக்கு முன்னும் பின்னும்

சி.டி. ஸ்கேனுக்கு வருபவரிடம் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "இதற்கு முன்னால் ஸ்கேன் மருந்து ஏற்றியிருக்கிறார்களா? அப்போது என்ன ஆனது?" அயோடின் கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய ரத்தக்குழாயில் ஏற்றும் மருந்து) ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனவருக்கே மறுபடியும் அப்படி ஆகும் வாய்ப்பு அதிகம். இறால், நண்டு பற்றி விசாரிப்பது பழைய பழக்கம், விட்டுவிடலாம். இறால் அலர்ஜி அதன் புரதத்தால் வருவது, அயோடினால் அல்ல.

அடுத்தது கிரியேட்டினின், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை. எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். திடமான இளைஞருக்கு 1.2 சாதாரணம், 80 வயதுப் பாட்டிக்கு அதே 1.2 என்றால் சிறுநீரகம் ஏறக்குறைய பாதி வேலைதான் செய்கிறது. அதனால் வயதையும் சேர்த்துச் சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தை, அதாவது இ.ஜி.எஃப்.ஆர்., கணக்கிடுங்கள். 30-க்குக் கீழே இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் மருந்து ஏற்றக் கூடாது. சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினையும் அன்றே நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துக் கிரியேட்டினின் பார்த்த பிறகே தொடர வேண்டும். 30-க்கு மேலே, சிறுநீரகத்துக்குத் திடீர்ப் பாதிப்பும் இல்லையென்றால் நிறுத்தத் தேவையில்லை.

முழங்கை மடிப்பில் 20 கேஜ் அளவு வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் பிளாஸ்டிக் ஊசிக்குழாய்) போடுங்கள். முதலில் 10 மி.லி. சலைனைக் கையால் செலுத்திப் பாருங்கள். வலித்தாலோ தடுத்தாலோ வேறு ரத்தக்குழாய் பாருங்கள். புறங்கையில் மெல்லிய ஊசியைப் போட்டுவிட்டு இன்ஜெக்டரை (மருந்தைச் செலுத்தும் இயந்திரத்தை) நொடிக்கு 4 மி.லி. என்று வைத்தால் மருந்து ரத்தக்குழாயை விட்டுத் தோலுக்கடியில் கசியலாம். கசிந்தால் உடனே நிறுத்தி, கையை உயர்த்தி, குளிர் ஒத்தடம் கொடுங்கள். விரல் மரத்தாலோ தோல் கொப்புளித்தாலோ சர்ஜனைக் கூப்பிடுங்கள்.

மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், சிறுநீர் கழிந்துவிட்டதுபோல் தோன்றும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பதறி அசைவார்கள், படம் கெடும்.

மருந்து ஒத்துக்கொள்ளாமல் தோலில் நாலைந்து தடிப்பு மட்டும் என்றால் கண்காணித்தால் போதும். தொண்டை அடைத்து, மூச்சு இழுத்து, பி.பி. இறங்கினால் அட்ரினலின்தான்: பெரியவர்களுக்கு 1:1000-ல் 0.5 மி.லி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். அலர்ஜி மருந்தான அவிலும் ஸ்டீராய்டான ஹைட்ரோகார்ட்டிசோனும் மெதுவாக வேலை செய்பவை. அவற்றைத் தேடி நேரத்தைத் தொலைக்காதீர்கள். பி.பி. இறங்கி, நாடியும் மெதுவாகத் துடித்து, வேறு அறிகுறி இல்லையென்றால் அது பெரும்பாலும் பயத்தால் வந்த மயக்கம். காலை உயர்த்திச் சலைன் ஏற்றுங்கள்.

வென்ஃப்ளானைக் கழற்ற அவசரம் வேண்டாம், 30 நிமிடம் இருக்கட்டும். பாலூட்டும் தாய் பாலை நிறுத்த வேண்டியதில்லை.

ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் மருந்தின் பெயர், அளவு, என்ன ஆனது மூன்றையும் எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள். "ஏதோ ஊசி போட்டாங்க, அரிச்சுது" என்ற பதிலை வைத்துக்கொண்டு அடுத்த ஸ்கேன் சென்டரில் ஒன்றும் செய்ய முடியாது.