மிட் முடிந்தால் மிஷன்

அட்மிட், பெர்மிட், சப்மிட் என மிட்டில் முடியும் ஆங்கில வினைச்சொல்லைப் பெயர்ச்சொல்லாக்க மிஷன் போடுங்கள். எழுத்தில் எப்போதும் இரண்டு எஸ். இவை எல்லாம் ‘அனுப்பு’ என்று பொருள்படும் மித்தெரே என்ற லத்தீன் சொல்லில் பிறந்தவை, அதன் பெயர்வடிவம் மிஸ்ஸியோ. அட்மிட் என்றால் உள்ளே அனுப்புவது. வேலூரில் ஆஸ்பத்திரிப் படிவம், கல்லூரி விண்ணப்பம் எதை நிரப்பினாலும் அட்மிஷன் வரும், அந்த இரண்டாவது எஸ்ஸை விட்டுவிடாதீர்கள். அப்புறம், இறந்தகாலத்தில் இரண்டு டி (t). அழுத்தம் கடைசி அசையில் விழுவதால்.

லிமிட், வாமிட் இரண்டுக்கும் இது பொருந்தாது. அவற்றின் வேர் வேறு, அழுத்தம் முதல் அசையில். அதனால்தான் காட்பாடி ரோட்டுக் கம்பெனி போர்டுகளில் லிமிடெட்டுக்கு ஒரே டி (t). கமிட்டிலும் கவனம்: வாக்குக் கொடுத்தால் கமிட்மென்ட், கமிஷன் என்றால் தரகு.