புத்தகத்தைக் கொடுக்காதீர்கள், எண்ணைக் கொடுங்கள்

பிடித்த புத்தகத்தை இரவல் கொடுத்து நான் இழந்தவை ஓர் அலமாரி நிறையும். கேட்டால் மனஸ்தாபம் வேறு. இப்போதெல்லாம் பின்னட்டையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன்.

அதில் பட்டைக்கோட்டை ஒட்டி ஐஎஸ்பிஎன் எண், அதாவது நூலை அடையாளம் காட்டும் பன்னாட்டு எண், இருக்கும். 2007 முதல் 13 இலக்கம், அதற்கு முன் 10. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் இணையத் தேடலில் நண்பர் அந்த எண்ணை இட்டாலே போதும், நூலகப் பிரதியைக் கண்டுபிடித்துவிடலாம். தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் தட்டினால் ழ, ள, ல மூன்றும் ஒன்றையொன்று கவிழ்த்துவிடும். எண்ணுக்கு அந்த வம்பு கிடையாது. ஒன்று மட்டும்: பதிப்பு மாறினால் எண்ணும் மாறும். கிடைக்காவிட்டால் ஆசிரியர் பெயரில் தேடுங்கள். பழைய தமிழ் நூல்கள் பலவற்றில் எண்ணே இருக்காது, அவற்றுக்கும் இதே வழிதான்.

இரவல் காலம் 21 நாள். வேறு யாரும் முன்பதிவு செய்யாவிட்டால் ஒருமுறை நீட்டிக்கலாம். நண்பர் எடுத்த அன்றே நானும் என் பிரதியைப் பிரித்துவிடுவேன். எம்ஆர்டி ரயிலில் படித்தபடி, “எந்தப் பக்கம் வந்தீங்க?” என்று கேட்டுக்கொள்வோம். நூலகப் பிரதியில் மட்டும் கோடு போடாதீர்கள். பிடித்த பக்க எண்களை ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.