பூனைக்குச் சர்க்கரை மீட்டர்: ஸ்ட்ரிப்பைப் பார்த்து வாங்குங்கள்

சர்க்கரை நோயுள்ள பூனைக்கு மீட்டர் வாங்கும்போது மீட்டரின் விலையை விட்டுவிட்டு, ஒரு ஸ்ட்ரிப் (ரத்தத்தைத் தொட்டு அளக்கும் பட்டை) என்ன விலை, அதற்கு எவ்வளவு ரத்தம் வேண்டும் என்று பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று 12 மணி நேரம் அளந்தால் ஒரே நாளில் 7 ஸ்ட்ரிப் போய்விடும், செலவே அதில்தான். காது ஓரத்தில் குத்தினால் கடுகளவு ரத்தம்தான் வரும். அதனால் 0.3 முதல் 0.6 மைக்ரோலிட்டர் போதும் என்று அட்டையில் போட்டிருப்பதே நல்லது. வெதுவெதுப்பான துணியால் காதைச் சற்று நேரம் பிடித்துவிட்டுக் குத்துங்கள், பாவம், திரும்பத் திரும்பக் குத்த வேண்டியிருக்காது.

மனிதர்களுக்கான மீட்டரே போதுமா? ஏற்ற இறக்கத்தைக் கவனிக்கப் போதும். பூனை ரத்தத்தில் குளுக்கோஸ் பெரும்பாலும் பிளாஸ்மாவில்தான் (ரத்தத்தின் திரவப் பகுதி) இருக்கும், சிவப்பணுக்களில் மிகக் குறைவு. அதனால் மனித ரத்தத்துக்கு ஏற்ப அமைந்த நம் மீட்டர் பெரும்பாலும் உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். எப்போதும் ஒரே மீட்டரில் அளந்து, எந்த மீட்டர் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஆல்ஃபாட்ராக் போன்ற விலங்கு மீட்டரின் எண்ணோடு இதை ஒப்பிடவே கூடாது.

பூனைக்கு ரத்தசோகையோ கடும் நீரிழப்போ இருந்தால் மீட்டர் காட்டும் எண்ணை நம்ப முடியாது. அப்போது ஆய்வகப் பரிசோதனைதான் சரி. இன்சுலின் போட்ட பூனை தள்ளாடினால் சர்க்கரை மிகவும் இறங்கியிருக்கலாம், மீட்டரைத் தேடாதீர்கள். ஈறில் சர்க்கரைப் பாகைத் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.