அம்பாசடருக்குப் புதுப் பாயிண்ட்

ஆம்பூர் போய்த் திரும்பும் வழியில், பள்ளிகொண்டா தாண்டியதும் எங்கள் பழைய பெட்ரோல் அம்பாசடர் இழுவை குறைந்து இருமத் தொடங்கியது. கார்புரேட்டரைக் கழற்றச் சொன்னார்கள். நான் முதலில், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத்தான் திறந்தேன். உள்ளே மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனைதான் பாயிண்ட். அதன் ஒரு முகத்தில் குழி, எதிர் முகத்தில் கடுகளவு மேடு, இரண்டும் கருகியிருந்தன. இப்படிக் கருகினால், பாயிண்டில் பொறி பறப்பதை அடக்கும் கண்டென்சரையும் சந்தேகிக்க வேண்டும். வேலூரில் இரண்டையும் சேர்த்தே வாங்கினேன்.

புதுப் பாயிண்டின் முகத்தில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரின் நடுத் தண்டில் உள்ள கேமின் மேடு பாயிண்டை முழுதாகத் திறந்து நிற்கும்வரை இன்ஜினைச் சுற்றி, இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வைத்தேன். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும், பிடிக்கக் கூடாது. திருகை இறுக்கும்போது இடைவெளி நகர்ந்துவிடும். இறுக்கியபின் மறுபடி அளந்தே தீர வேண்டும். கேமில் ஒரு பொட்டு கிரீஸ் போதும். அதிகமானால் பாயிண்டில் தெறித்து மீண்டும் கருகும்.

இடைவெளி மாறினால் டைமிங்கும், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரமும், மாறும். மின்னழுத்தத்தை உயர்த்தும் காயிலிலிருந்து பாயிண்டுக்குப் போகும் மெல்லிய கம்பியின் முனைக்கும் காரின் பாடிக்கும் இடையே ஒரு பல்பை இணைத்து, சாவியைப் போட்டு, பாயிண்ட் திறக்கும் நொடியில் அது எரியும்படி சரிசெய்தேன். இப்போது காட்பாடி மேம்பாலத்தில் டாப் கியரிலேயே ஏறுகிறது.