பழைய போட்டோவை அச்சுக்கு ஸ்கேன் செய்வது எப்படி?

நினைவு மலரில் தாத்தா படம் மங்கலாக வந்தால் அச்சகத்தைத்தான் திட்டுகிறோம். பெரும்பாலும் கோளாறு ஸ்கேனிலேயே இருக்கும்.

1. அளவைக் கேளுங்கள்

பக்கத்தில் படம் எத்தனை அங்குல அகலத்தில் வரும் என்று லேஅவுட் செய்பவரிடம் முதலில் கேளுங்கள். அச்சாகும் அளவில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) வேண்டும். 2 அங்குலப் படம் 4 அங்குலமாக அச்சாகிறது என்றால் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். அதற்கு மேல் போனால் கோப்புதான் பெருக்கும். பழைய பிரிண்டில் அவ்வளவு நுணுக்கம் இருக்காது. நெகட்டிவ் கிடைத்தால் பிரிண்டை விட்டுவிடுங்கள். 35 எம்எம் நெகட்டிவை 2400 டிபிஐயில் எடுத்தால் முழுப்பக்கத்துக்கே போதும்.

2. தூசு

ரப்பர் ஊதியால் ஊதி, மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஈரத்துணி, கொலின், ஸ்பிரிட் எதுவும் படத்தின் மேல் படக்கூடாது. படத்தின் பின்னால் பெயர் எழுத மென்பென்சில் போதும். பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முகத்தில் கோடு விழும்.

3. கண்ணாடியில் ஒட்டிய படம்

அதிகம் பாழாவது இங்கேதான். சுவரில் மாட்டிய படத்தில் ஈரம் ஏறினால் மேற்பரப்பிலுள்ள ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். உரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும், திரும்பாது. உரிக்காதீர்கள். பின்பலகையை மட்டும் கழற்றுங்கள். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் உள்ள சந்தனம், குங்குமத்தை லேசான ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேனரில் கவிழ்த்து வையுங்கள். இரண்டு கண்ணாடிகள் ஒட்டினால் வானவில் வளையங்கள் தெரியும்; நான்கு ஓரத்திலும் மெல்லிய அட்டைத்துண்டு கொடுங்கள்.

மெலிதான சிஐஎஸ் ஸ்கேனரில் (கண்ணாடியைத் தொட்டிருப்பதை மட்டும் தெளிவாகப் படிக்கும் வகை) இந்த வேலை நடக்காது. கண்ணாடித் தடிமன் அளவு படம் உயர்ந்தாலே அதற்கு ஃபோகஸ் தப்பிவிடும். எப்சன் வி600 போன்ற, லென்ஸ் வழியாகப் படிக்கும் சிசிடி ஸ்கேனர் இதைத் தாங்கும். அது கிடைக்காவிட்டால் ட்ரைபாடில் கேமரா வைத்து, இருபுறமும் 45 டிகிரியில் விளக்கு கொடுத்து எடுங்கள். கேமராவுக்கு முன்னால் லென்ஸ் அளவு துளையிட்ட கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் பிரதிபலிப்பு விழாது.

4. தேன்கூட்டுத் தாள்

புள்ளி புள்ளியாகப் புடைத்த தாளில் உள்ள படத்தை ஒருமுறை ஸ்கேன் செய்து, 180 டிகிரி திருப்பி மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். போட்டோஷாப் போன்ற மென்பொருளில் இரண்டாவதை நிமிர்த்தி முதலாவதன் மேல் பொருத்தி, மேல் படத்தின் ஒபாசிட்டியை (ஒளி மறைக்கும் அளவு) 50 சதவீதம் வையுங்கள். எதிரெதிர் நிழல்கள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

5. கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரில் எடுங்கள்

ஸ்கேனரே படத்தைக் கூர்மையாக்கும் ஆட்டோ ஷார்ப்பனை ஆஃப் செய்யுங்கள். கலர் ஸ்கேனில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிற அடுக்குகள், அதாவது சேனல்கள், இருக்கும். மஞ்சள் கறை நீலச் சேனலில்தான் அழுத்தமாகத் தெரியும். சிவப்புச் சேனலை மட்டும் எடுத்தால் கறை ஏறக்குறைய மறைந்துவிடும். அதையே கிரேஸ்கேலாக்கி (கறுப்பு, சாம்பல், வெள்ளை மட்டும்) கொடுங்கள். நான்கு நிற அச்சுக்கான சிஎம்ஒய்கேயாகக் கொடுத்தால் நான்கு மையும் கலந்து படம் பச்சையாகவோ சிவப்பாகவோ சாயும்.

6. சேமித்து அனுப்புவது

தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியே ஆகவேண்டுமென்றால் ‘டாகுமென்ட்’ வழியாக மட்டும். மேப்லித்தோ (பளபளப்புப் பூச்சில்லாத) தாளில் அச்சாகிறதென்றால் மை பரவிப் படம் இருளும். ஆழ்ந்த கருமையை 90 சதவீதத்தில் நிறுத்தி, நடுநிழலைக் கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடுங்கள். பூச்சுள்ள வழவழப்பான ஆர்ட் பேப்பருக்கு இவ்வளவு தேவையில்லை.