போனில் அழித்தேன், லேப்டாப்பிலும் காணோம்

இலவச கிளவுடில் இடம் தீர்ந்து, பணம் கட்டச் சொல்லி தினம் ஒரு மெயில். எனக்கு வேண்டியதோ போன் படங்களும் ஸ்கேன் செய்த ரசீதுகளும் லேப்டாப்புக்கு வருவது மட்டும்தான். அதற்கு எதற்கு வாடகை?

சிங்திங் போட்டேன்; போன், லேப்டாப் போன்ற சாதனங்களில் இருக்கும் ஒரு ஃபோல்டரை நேரடியாக ஒன்றுபோல வைத்திருக்கும் (சிங்க் செய்யும்) ஆப் அது. ஓப்பன் சோர்ஸ், நடுவில் யார் சர்வரிலும் ஃபைல் தங்காது. ஆண்ட்ராய்டுக்கான அதிகாரப்பூர்வ ஆப் 2024 டிசம்பரோடு நின்றுபோனதால் போனில், அதையொட்டி வேறு சிலர் நடத்தும் சிங்திங்-ஃபோர்க். லேப்டாப் பிரவுசரில் சிங்திங்கின் பக்கத்தை (localhost:8384) திறந்து, அங்கே காட்டும் க்யூஆர் கோடைப் போனில் ஸ்கேன் செய்தேன். வீட்டு வைஃபையில் படங்கள் சரசரவென்று வந்து இறங்கின.

மாட்டிக்கொண்டது மறுநாள். போனில் இடம் வேண்டுமே என்று பழைய படங்களை அழித்தால், லேப்டாப்பிலும் காணோம்! அழிப்பதும் சேர்த்துத்தான் சிங்க் ஆகும் என்பது அப்போதுதான் உறைத்தது. அக்காவுக்கு வாட்ஸப்பில் அனுப்பியவை மட்டும் மிஞ்சின.

லேப்டாப்பில் அந்த ஃபோல்டரின் செட்டிங்ஸுக்குப் போய், 'ஃபைல் வெர்ஷனிங்' பகுதியில் 'ட்ராஷ் கேன்' தேர்ந்தெடுத்தேன். இப்போது போனில் அழிப்பது, லேப்டாப்பில் 'எஸ்டிவெர்ஷன்ஸ்' (.stversions) என்ற மறைந்த ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

போனின் பேட்டரி சேமிப்பும் சிங்திங் ஆப்பைத் தூங்கவைத்துக்கொண்டே இருந்தது. அதிலிருந்து விலக்குக் கொடுத்ததும் சரியானது. போன், லேப்டாப் இரண்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும் என்பதுதான் தொல்லை. ராத்திரி போனைச் சார்ஜில் போடும்போது லேப்டாப்பையும் திறந்து வைத்துவிடுகிறேன்.